452 மார்க் எடுத்த பிள்ளைக்கு ஃபர்ஸ்ட் குரூப் கட்டாயமா?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் காரைக்குடிக் குடும்பம் ஒன்று என்னைப் பார்க்க வந்தது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். 500க்கு 452. கணக்கில் 81. அப்பா மர ஆசாரி. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்கு வரும் வாசல் நிலை, கதவு, தூண்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கிறார். பிள்ளை பதினொன்றில் கணக்கு குரூப், அதாவது ஃபர்ஸ்ட் குரூப், வேண்டாம் என்கிறாள். பள்ளியில், இந்த மார்க்குக்கு ஃபர்ஸ்ட் குரூப்தான் தருவோம் என்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் தாய்மாமா, நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள், இரண்டு வருடச் செலவில் பாதியை நான் தருகிறேன், அப்புறம் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று போனிலேயே முடிவு செய்துவிட்டார். அம்மாவுக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. இதே கேள்வியோடு இன்னும் பல வீடுகள் இருப்பதால், அவர்கள் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல், அந்த அம்மாவுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். உங்கள் பிள்ளை நன்றாகப் படிக்கிறவள். எந்த குரூப் எடுத்தாலும் தேறிவிடுவாள். ஆறுதல் இவ்வளவுதான். இதற்கு மேல் நான் சொல்லப்போவது உங்கள் தம்பிக்கும் பள்ளிக்கும் பிடிக்காமல் போகலாம்.

பத்தாம் வகுப்புவரை தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்தும் எல்லோரும் படித்தாக வேண்டும் என்பதில் எனக்கு முழுச் சம்மதம். பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை ‘இது எனக்குத் தேவையில்லை’ என்று சொன்னால் அதை அப்படியே ஏற்கக் கூடாது. வட்டிக் கணக்கும் சதவீதமும் தெரியாமல் யாரும் வாழ முடியாது. இந்த ஊரில் அதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பதினொன்றாம் வகுப்புக் கணிதம் வேறு வகை. அணிக்கோவை, வெக்டர் இயற்கணிதம், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் எல்லாம் பொறியியலுக்கும் இயற்பியலுக்கும் போகிறவர்களுக்கு அடித்தளம். அந்தப் பக்கம் போகாத பிள்ளைக்கு அவை இரண்டு வருட டியூஷன். அதையும் எல்லோர் தலையிலும் கட்டுவதற்குப் பள்ளி என்ன காரணம் சொல்கிறது? மூளை வளரும், ஒழுங்கு வரும், எல்லாக் கதவும் திறந்திருக்கும்.

மூளை வளர்வதற்காகவே பள்ளிகள் அதைக் கற்றுக்கொடுத்திருந்தால், 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரும் தேவையே வந்திருக்காது. நிறையப் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை இரண்டு வருடம் உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் அந்தத் தேர்வு வந்தது. உயர்பாடம் கட்டாயம் என்று மேடையில் பேசியவர்களே வகுப்பறையில் அதன் பாதியைத் தூக்கிப்போட்டார்கள். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சி.பி.எஸ்.இ.) 2020 பத்தாம் வகுப்புத் தேர்விலிருந்து கணிதத்தை ‘பேசிக்’, ‘ஸ்டாண்டர்ட்’ என்று இரண்டு நிலையாகவே பிரித்துவிட்டது. மேலே கணக்கு படிக்கிறவனுக்கு ஒரு வினாத்தாள், மற்றவனுக்கு இன்னொன்று. பத்தாம் வகுப்பிலேயே அந்த வித்தியாசத்தை அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளியோ பதினொன்றில்கூட மார்க்கைப் பார்த்து குரூப்பை ஒதுக்குகிறது. 450க்கு மேல் என்றால் ஃபர்ஸ்ட் குரூப், குறைந்தால் வரலாறு. பிள்ளைக்கு எதில் மனம் போகிறது என்ற கேள்வி சேர்க்கைப் படிவத்தில் எங்குமே இல்லை.

சரி, கதவுகள் விஷயத்துக்கு வருவோம். கணக்கு குரூப் எடுக்காவிட்டால் எது மூடும் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பொறியியல் மூடும். மருத்துவம், மருந்தியலுக்குக் கணக்கு கட்டாயமில்லை, ஆனால் அறிவியல் குரூப்பும் எடுக்காமல் வரலாறு பக்கம் போனால் அவையும் மூடும். பி.ஆர்க். மூடும், அதற்குக் கணிதம், இயற்பியல் இல்லாமல் முடியாது. எது மூடாது? சட்டம் மூடாது. ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் போதும். தேசிய வடிவமைப்பு நிறுவனமும், ஆடை வடிவமைப்புக்கான நிஃப்ட் நிறுவனமும் தங்கள் வடிவமைப்புப் பட்டப்படிப்புகளுக்கு எந்த குரூப் என்று கேட்பதில்லை. டி.என்.பி.எஸ்.சி.யின் பெரும்பாலான பொதுப் பணிகளுக்கும் ஐ.ஏ.எஸ். தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். மூடுகிற கதவுகளில் ஒன்றிலாவது உங்கள் பிள்ளை நுழைய நினைக்கிறாளா என்று அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். இல்லை என்றாள். கணக்கு பிடிக்காததாலா, கணக்கு டியூஷன் பிடிக்காததாலா என்றும் கேட்டேன். இரண்டும் வேறு வேறு. டியூஷன் மேல் உள்ள வெறுப்பில் பாடத்தையே விடுகிற பிள்ளைகளை நான் திருப்பி அனுப்புவதுண்டு. இவள் பதில் சொல்லாமல் பையைத் திறந்து கணக்கு நோட்டை எடுத்தாள்.

நோட்டின் பின்பக்கத்தில் அவள் அப்பா கடைக்கு வந்த ஒரு நிலையின் மேல்பலகை. நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை, ஓரத்தில் யாளி. பென்சிலில் வரைந்து, பக்கத்திலேயே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டிருந்தாள். எப்படி அளந்தாய் என்றேன். லட்சுமியின் முகத்து நீளத்துக்கு ஒரு செய்தித்தாள் நாடாவைக் கிழித்து, அதை மடித்து மடித்து, உடம்பு எத்தனை முகம், கை எத்தனை முகம் என்று பார்த்தாளாம். யாரும் சொல்லித்தரவில்லை. சுவாமிமலையில் வெண்கலம் வார்க்கும் ஸ்தபதிகள் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்துத்தான் அங்கங்களின் அளவைக் குறிக்கிறார்கள். ஒடியோலை என்பார்கள். சிற்ப நூல்களில் முகத்து நீளம் ஒரு தாலம். ஒரு தாலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். நவதாலம் என்றால் 108 அங்குலம். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், 124 அங்குலம். உங்கள் பிள்ளை தானாகக் கண்டுபிடித்தது இந்த முறையின் முதல் படி. அவளுக்குக் கணக்கு வராது என்று இனி வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம்.

எனவே நான் சொல்லும் வழி இது. மாமல்லபுரத்தில் தமிழ்நாடு அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. 1957இல் தொடங்கியது. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் நடக்கிறது. அங்கே மரபுச் சிற்பக்கலையில் நான்காண்டு பட்டப்படிப்பு உண்டு: கல், மரம், உலோகம், சுதை என்னும் சுண்ணாம்புச் சாந்து. மரபு ஓவியத்துக்குத் தனிப் பட்டம். மரபுக் கட்டடக்கலையில் பி.டெக்.கும் உண்டு, அதற்குப் போவதானால் கணக்கு குரூப் வேண்டும். அவளிடம் இதையும் சொல்லி, கட்டடம் திட்டமிட ஆசையா, கையால் செதுக்க ஆசையா என்று கேட்டேன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. சிற்பத்துக்குப் பிளஸ் டூ தேறியிருந்தால் போதும்.

உங்கள் வீட்டில் யாரும் இந்தக் கல்லூரியின் பெயரைக்கூடக் கேட்டதில்லை என்றபோது எனக்கு மனம் கஷ்டமாக இருந்தது. அதை வளர்த்தவரே நம் ஊர்ப் பக்கத்துக்காரர். பிள்ளையார்பட்டியில் 1927இல் பிறந்த வை. கணபதி ஸ்தபதி. அவருடைய அப்பா வைத்தியநாத ஸ்தபதிக்குப் பிறகு அந்தக் கல்லூரியின் முதல்வராக இருபத்தேழு வருடம் இருந்தார். கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த திருவள்ளுவர் சிலை அவர் கைவண்ணம். 38 அடி பீடம் அறத்துப்பாலுக்கு, 95 அடி சிலை பொருளுக்கும் இன்பத்துக்கும், மொத்தம் 133. 2009இல் பத்மபூஷண் வாங்கினார். அவரே காரைக்குடி அழகப்பர் கல்லூரியில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவர்தானே என்று உங்கள் தம்பி கேட்கலாம். கேட்கட்டும். கணிதம் படித்த பிறகும் உளியைத்தான் எடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிற்பிக்கு வேண்டிய கணக்கைச் சிற்பமே சொல்லித்தரும். அளவு பொருந்துகிறதா என்று பார்க்கும் ஆயாதிக் கணக்கில், யோனி என்ற பொருத்தத்துக்குச் சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். நட்சத்திரப் பொருத்தத்துக்கு எட்டால் பெருக்கி இருபத்தேழால் வகுக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

நான்கு வருடம் அங்கே என்ன செய்வாள் என்று உங்கள் கணவர் கேட்டார். அவருக்கு மரம் தெரியும். தேக்கின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் உளி வைத்தால் சிம்பு தெறிக்கும் என்று அவர் மகளுக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருக்கிறார். கல்லில் அந்தத் தயவு கிடையாது. மூக்கு நுனி உடைந்தால் முழுச் சிலையும் போச்சு. அதனால் முதலில் காகிதத்தில், அப்புறம் களிமண்ணில், அப்புறம்தான் கல். உலோகம் என்றால் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, மேலே வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய ஐம்பொன்னை ஊற்ற வேண்டும். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு அச்சுக்கு ஒரே சிலை.

இதில் சுதையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பிள்ளைக்குச் சோறு போடப்போவது அதுவாக இருக்கலாம். நீற்றின சுண்ணாம்பை ஊறப்போட்டு, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுப் பதம் பார்த்து, செங்கல்லில் கட்டிய உருவத்தின் மேல் அடுக்கடுக்காகப் பூச வேண்டும். ஓர் அடுக்கு இறுகாமல் அடுத்தது போட்டால் வெடிக்கும். கோபுரத்து பொம்மை எல்லாம் அப்படித்தான் நிற்கிறது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் கை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்குகிறதே, அதுவும் சுண்ணாம்பின் இன்னொரு வித்தைதான். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பள்ளத்தூரிலும் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கிறவர்கள் இந்த வேலை தெரிந்த கைக்கு எவ்வளவு அலைகிறார்கள் என்பது உங்கள் கணவருக்கே தெரியும். தெரியாத கையை வைத்து சிமெண்ட் பூசி, இரண்டு மழையில் உப்புப் பூத்து, நூறு வருடச் சுவர் கொட்டிப்போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வேலை எங்கே கிடைக்கும் என்பது நியாயமான கேள்வி. கோவில்களுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை குடமுழுக்கு என்பது வழக்கம். இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று நகரத்தார் கோவில்கள் மட்டுமே ஒன்பது. இவை போக, ஊருக்கு ஊர் சிவன் கோவில், பெருமாள் கோவில், அம்மன் கோவில், ஐயனார் கோவில். எல்லாத் திருப்பணிக்கும் ஸ்தபதி வேண்டும், அவருக்குக் கீழே சிற்பிகள் வேண்டும். அறநிலையத் துறையிலும் ஸ்தபதிப் பணியிடங்கள் உண்டு. பூம்புகார் விற்பனை நிலையங்களுக்குச் செய்துகொடுக்கலாம். உங்கள் தம்பி தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவிலுக்குப் போவார் அல்லவா? சிங்கப்பூர்க் கோவில்களின் திருப்பணிக்கு இங்கிருந்துதான் சிற்பிகள் போகிறார்கள். அடுத்த முறை கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து, விசாரித்துவிட்டுப் போன் செய்யச் சொல்லுங்கள்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் சில வருடம் வருமானம் மெதுவாகத்தான் வரும். ஒரு ஸ்தபதியிடம் இருந்து கை பழக வேண்டும். மாதச் சம்பளம் போல ஒன்றாம் தேதி வராது; வேலை முடிய முடியத்தான் பணம். கல்தூசி நுரையீரலுக்குப் பொல்லாதது; முகக்கவசம் இல்லாமல் ஒரு நாள்கூட இயந்திரத்தில் கல் அறுக்க விடக் கூடாது. பெண்கள் இந்தத் தொழிலில் இன்னும் குறைவு. சாரத்தில் ஏறி நின்றால் பேசுகிற வாய்கள் இருக்கும். அதை அவள் சமாளிப்பாள்; அப்பா பட்டறையில் பக்கத்தில் நின்று பழகியவள். ‘என் மகள் சிற்பி’ என்று நீங்கள் தயங்காமல் சொல்லப் பழக வேண்டும்.

இப்போது பணம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விடுதிப் பள்ளிச் செலவில் பாதி தம்பி தருவார் என்கிறீர்கள். மீதிப் பாதிக்கு நகையை வைப்பதாக உங்கள் கணவர் சொன்னார். வைக்கவே வேண்டாம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றை உங்கள் குடும்பத்தில் யாருமே கவனிக்கவில்லை. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்கிறாள். பன்னிரண்டுவரை அங்கேயே முடித்தால் உயர்கல்விக்குப் போகும்போது புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். பதினொன்றில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அது போச்சு. அதோடு, ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. நாமக்கலுக்குப் போனால் அந்த ஒதுக்கீடும் கிடைக்காது. அதாவது, அவளை இன்ஜினியர் ஆக்குவதற்காகத் தம்பி சொல்லும் யோசனை, இன்ஜினியர் ஆவதற்கு அவளுக்கு இருக்கும் நல்ல வழியையே அடைக்கிறது. மகளுடைய ஆசையை ஒரு நிமிடம் தள்ளிவைத்து வெறும் வரவு செலவு பார்த்தாலும் அந்த யோசனை தேறாது. இதைத் தம்பியிடம் அப்படியே சொல்லுங்கள். பணம் தர மனசு இருந்தால், நான்கு வருடம் கழித்து அவளுக்கு நல்ல உளி செட்டும் சொந்தமாகப் பட்டறை போட முன்பணமும் தரட்டும். அப்போது நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம்.

பெரியப்பா சொன்னதாக நீங்கள் தயங்கித் தயங்கிச் சொன்ன விஷயம், வரலாறு குரூப் என்றால் மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள் என்பது. பதினைந்து வயதுப் பிள்ளையின் பாடத்தை, இன்னும் யாரென்றே தெரியாத ஒரு வீட்டின் நினைப்பை வைத்து முடிவு செய்ய நான் உதவ மாட்டேன். அதைப் பற்றி இதற்கு மேல் பேசவும் எனக்கு விருப்பமில்லை.

வரலாறு குரூப் மார்க் குறைந்தவர்களுக்கு என்று பள்ளி ஒதுக்கிவைத்திருப்பதால் அது மட்டம் ஆகிவிடாது. சிற்பம் படிக்கப்போகிற பிள்ளைக்குப் பல்லவர் கல்லைக் குடைந்தார்களா கட்டினார்களா, சோழர் வெண்கலம் எந்தக் காலத்தில் மெலிந்தது, நாயக்கர் தூண் ஏன் அவ்வளவு பெரிதானது என்பதெல்லாம் தொழில் அறிவு. தமிழ் ஆழமாகத் தெரிந்தால் கல்வெட்டைப் படிக்கலாம். அவளுக்கு அடுத்த இரண்டு வருடம் வேண்டிய உயர்பாடம் இதுதான், அதில் அவள் சோம்பினால் நானே திட்டுவேன். பிடித்ததை மட்டும் படிப்பேன் என்ற சலுகையை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. பொருளியல் பிடிக்காவிட்டாலும் படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் அவள் எடுத்த மார்க் எனக்குப் போதாது. வெளிநாட்டுத் திருப்பணிக்குப் போனால் ஒப்பந்தத்தை அவளே வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு இப்போதே தினமும் உட்காரட்டும்.

அவள் மனம் இரண்டு வருடத்தில் மாறினால்? மாறலாம். அப்போதும் சட்டமும் வடிவமைப்பும் ஆசிரியர் பணியும் திறந்தே இருக்கும். பொறியியல், மருத்துவம், பி.ஆர்க். மாதிரியானவை இருக்காது. அந்த இழப்பை அவளிடம் எழுதிக் காட்டி, புரிந்ததா என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். புரிந்தது என்றாள்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை பள்ளி திறந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு போய், வரலாறு, பொருளியல் உள்ள குரூப் வேண்டும் என்று விண்ணப்பத்தில் அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அந்தப் பள்ளியில் அந்த குரூப் இல்லையென்றால் வேறு அரசுப் பள்ளி பாருங்கள். தனியார் பள்ளி வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்கான சான்று, மாற்றுச் சான்றிதழ் நகல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். காலாண்டு விடுமுறையில் மாமல்லபுரத்துக்கு ஒரு நடை போய்க் கல்லூரியைப் பார்த்து, அங்கே படிக்கிற பெண்பிள்ளைகளிடம் அவளைப் பேசவிடுங்கள். நீங்கள் விடுதியை மட்டும் விசாரியுங்கள். பிளஸ் டூ முடிவு வரும் நேரத்தில் கல்லூரியின் சேர்க்கை அறிவிப்பு வரும். அந்த வருடத்துக் கட்டணமும் தகுதியும் அதில் இருக்கும். அதுவரை வாரம் ஒரு பலகையாவது அவள் அளந்து வரையட்டும், கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இல்லாமல் தனி நோட்டில். பள்ளியில் 452 எடுத்த பிள்ளைக்கு இந்த குரூப் தர முடியாது என்று மறுபடி சொன்னால், எனக்கு ஒரு போன் போடுங்கள். நானே வந்து தலைமையாசிரியையிடம் பேசுகிறேன்.